எட்டாமல் போன மேல்தட்டு

கடிதம்: எனக்கு 58 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். முப்பது வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிறேன். 46 வயதில் மாதவிலக்கு நின்றது. போன ஐப்பசி மழையில் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு தேய்மானம், மைனஸ் 3" என்று எழுதிக் கொடுத்தார்கள். பயந்துபோய் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கேன் எடுத்து இடுப்பில் மைனஸ் 2.1, முதுகில் மைனஸ் 2.4 என்றார், வாரம் ஒரு மாத்திரை எழுதினார். என் அம்மா 74 வயதில் இடுப்பு எலும்பு உடைந்து படுத்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பத்து நாளாகப் பேத்தி போனில் பார்த்து யோகாசனம் சொல்லித் தருகிறாள். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது, சூரிய நமஸ்காரம் எல்லாம். முதுகு வலிக்கிறது, பழகினால் சரியாகும் என்கிறாள். ஏற்காடு நாகலூரில் எஸ்டேட் வேலைக்குப் போகிற என் நாத்தனாருக்கு 63 வயது, மேடும் பள்ளமுமாக நடக்கிறாள், இதுவரை ஒரு எலும்பும் உடையவில்லை. அவளைப் போல நடந்தால் போதும், மாத்திரை எதற்கு என்கிறார்கள் வீட்டில். ஜிம்முக்குப் போக வசதியும் இல்லை, வெட்கமாகவும் இருக்கிறது. வீட்டிலேயே உடற்பயிற்சி செய்து எலும்பைக் கெட்டியாக்க முடியுமா? முன்பு எட்டிய சமையலறை மேல்தட்டுகூட இப்போது எட்டுவதில்லை, அவ்வளவு தளர்ந்துவிட்டேன்.

பதில்: அக்கா, உங்களைவிட எனக்கு ஐந்து வயது குறைவு, அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். இதே ஊரில் 26 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது.

தளர்ந்துபோனால் கை சீக்கிரம் ஓயும். தட்டு எட்டாமல் போகாது. தட்டு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நீங்கள்தான் உயரம் குறைந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டால் தோள் இறுகிப்போகும், கை மேலே போகாது. எது என்று கண்டுபிடிப்பது எளிது. இடது கையால் எட்டிப் பாருங்கள். இடது கைக்கு எட்டினால் வலது தோளைக் கவனித்தால் போதும். இரண்டு கைக்கும் எட்டவில்லை என்றால் உயரத்தை அளக்க வேண்டும்.

செருப்பில்லாமல் சுவரோரம் நிமிர்ந்து நில்லுங்கள். பேத்தியைத் தலைமேல் ஒரு அட்டையை மட்டமாக வைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். இளவயதில் என்ன உயரம் இருந்தீர்கள் என்பது ஏதாவது பழைய சீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து பாருங்கள். அந்த நீளம் இளவயது உயரத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். துல்லியமான அளவு இல்லை, ஒரு கணக்குக்கு உதவும். 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உண்மையில், குனிகிற ஆசனம் செய்து பத்து நாளாக முதுகு வலிக்கிறது என்கிறீர்களே, அதற்காகவே அந்த எக்ஸ்ரேயை எடுத்துவிடுவது நல்லது. அளவு என்ன சொன்னாலும் சரி.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்றால், முதுகெலும்பு உடைவது மணிக்கட்டு உடைவதைப் போல இல்லை. டப்பென்று சத்தம் கேட்காது, வீங்காது. சித்திரையில் மாம்பழ அட்டைப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்களே, அடிப்பெட்டி நமத்துப்போயிருந்தால் முன்பக்கம் மெல்ல நசுங்கி, அடுக்கு முழுதும் முன்னால் சரியும். முள்ளெலும்பும் அப்படித்தான் நசுங்கும். நாலு நாள் வலிக்கும், "பிடிப்பு" என்று தைலம் தேய்ப்போம், மறந்துபோகும். இப்படி நசுங்குவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே போகிறது. உயரம் குறையும், முதுகு வளையும், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். எக்ஸ்ரேயில் அப்படி ஒன்று தெரிந்தால் ஸ்கேன் நம்பர் 2.4 ஆனாலும் 2.1 ஆனாலும் உங்களுக்கு இருப்பது எலும்புப்புரைதான், அதாவது எலும்பு உள்ளுக்குள் மெலிந்து எளிதில் உடைகிற நோய். டாக்டரின் முடிவும் மாறலாம், நான் சொல்லித்தரும் பயிற்சியும் மாறும். அதுவரை யோகாசனத்தை நிறுத்துங்கள். பேத்தி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இந்தத் "தேய்மானம்" என்கிற சொல்லோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. மூட்டு தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு அடர்த்தி குறைந்தாலும் தேய்மானம். முழங்காலில் எலும்பு முனைகளுக்கு நடுவே இருக்கும் குருத்தெலும்பு போவது ஒரு நோய். எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து ஓட்டை பெரிதாவது வேறு நோய், அதுதான் எலும்புப்புரை. முதலாவதில் தினமும் வலி உண்டு. இரண்டாவதில் உடையும்வரை வலியே இருக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், முழங்கால் வலிக்கு வாங்கிய களிம்பை எலும்புப்புரைக்குத் தடவுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

அந்த முகாம் நம்பரைக் கிழித்துப் போட்டுவிடலாம். குதிகாலில் பார்ப்பது ஒலி அலையை வைத்து. மைனஸ் 2.5 வரை வந்தால் எலும்புப்புரை, மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் என்றால் அடர்த்திக் குறைவு என்ற அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தது. இடுப்பு, முதுகு ஸ்கேனுக்கான கோல் அது. குதிகால் மெஷினுக்கு அதைப் பொருத்தக் கூடாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டிலேயே பயிற்சி செய்து எலும்பைக் கெட்டியாக்க முடியுமா? ஸ்கேன் நம்பரைத்தான் சொல்கிறீர்கள் என்றால், பெரிதாக முடியாது. மாதவிலக்கு நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. பழைய எலும்பைக் கரைக்கிற வேலை வேகமெடுக்கிறது, புதிதாகக் கட்டுகிற வேலை அதற்கு ஈடு கொடுப்பதில்லை. முதல் சில வருடங்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று அடர்த்தி போகும். சிலருக்கு அதைவிட வேகமாகவும் போகும். உடற்பயிற்சி இந்தச் சரிவுக்கு முட்டுக்கட்டை போடும். ஆஸ்திரேலியாவில் 101 பெண்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில் எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது உண்மைதான். ஆனால் அவர்கள் தூக்கியது நல்ல கனமான எடைகள், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பயிற்சியாளர் நின்றார். அதை வீட்டில் தனியாகச் செய்யுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதற்கு மெனக்கெட வேண்டும்? பின்லாந்தில் ஊலு என்ற ஊரில் எழுபதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 160 பெண்களை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்குப் பயிற்சி. வருடத்தில் ஆறு மாதம் வாரத்துக்கு ஒருமுறை கூடிச் செய்வது, மற்றபடி வீட்டிலேயே தினம் 20 நிமிடம். 30 மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் இரண்டு பங்குக்கும் அடர்த்தியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் விழுந்து எலும்பு உடைந்தது பயிற்சி செய்தவர்களில் 6, செய்யாதவர்களில் 16. அவர்களையே ஏழு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, செய்யாதவர்களில் ஐந்து பேருக்கு இடுப்பு உடைந்திருந்தது. செய்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. 160 பேர் என்பது சின்னக் கணக்கு, அந்த ஐந்துக்கும் பூஜ்யத்துக்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்கு அதில் பிடித்தது, நம்பர் மாறவே இல்லை, உடைவது மட்டும் குறைந்தது என்பதுதான்.

ஏனென்றால் இடுப்பு எலும்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடைவதில்லை. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் விழுந்துதான் உடைகிறது. உங்களுக்கே பாருங்கள், ஐப்பசி மழையில் வழுக்கிய நாள்வரை அந்த மணிக்கட்டு நன்றாகத்தானே இருந்தது? அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது நம்பர் நகரவில்லை என்று மனம் விட்டுவிடாதீர்கள். நாம் பயிற்சி கொடுக்கப்போவது காலுக்கும் முதுகுத் தசைக்கும், வழுக்கும்போது சுதாரித்துக்கொள்கிற வேகத்துக்கும்.

இப்போது அந்த குனிகிற ஆசனம். 1984-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எலும்புப்புரையும் முதுகுவலியும் இருந்த 59 பெண்களைப் பற்றி ஒரு கணக்கு வெளிவந்தது. முதுகை நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. முன்னால் குனிகிற பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களில் 67 சதவீதம். அதாவது குனிந்து பயிற்சி செய்ததற்கு, சும்மா இருந்தவர்களே தேவலை! இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான், முதுகுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பயிற்சித் தாளை நகல் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். குனியும்போது பாரம் முள்ளெலும்பின் முன்விளிம்பில் போய் விழுகிறது. அட்டைப் பெட்டி நசுங்குவதும் அதே முன்பக்கம்தான்.

ஆகவே கால் கட்டைவிரலைத் தொடுவது, பச்சிமோத்தாசனம், ஹலாசனம், படுத்தபடி தலையையும் மார்பையும் தூக்கி வயிற்றைக் குறைக்கிற பயிற்சி, எல்லாம் உங்களுக்கு வேண்டாம். சூரிய நமஸ்காரத்தில் குனிகிற நிலைகள் இருக்கின்றன, அதுவும் வேண்டாம். யோகாவின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் முதுகுக்கு எடுத்த வீடியோ உங்கள் முதுகுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஆசனத்தைப் பத்து நாள் செய்தீர்கள். கொலுசு வேலையில் முப்பது வருடம் குனிந்திருக்கிறீர்கள், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, கண்ணியைக் கண்ணியோடு கோர்க்கும்போது தலையும் தோளும் முன்னால் போய்விடும். வேலையை விடச் சொல்ல மாட்டேன். வேலையை மேலே தூக்குங்கள். பழைய கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வு மேசை மாதிரி ஒன்றோ, ஒரு பெட்டியின் மேல் பலகையோ வைத்து, வேலை மார்பளவுக்கு வரும்படி செய்யுங்கள். முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை பின்மண்டை, தோள் இரண்டையும் சுவரில் அழுத்தி, பத்து எண்ணிவிட்டுத் தொடருங்கள். கோலம் போடும்போது இடுப்பை மடித்துத் தலைகீழாகத் தொங்குவதை விட்டு, முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவது, இரண்டையும் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். ஒரு குடம் நிறைந்தால் பன்னிரண்டு, பதினைந்து கிலோ. கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமானால் முதுகு நேராக இருக்க முழங்காலை மடக்குங்கள்.

எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்றதும் முதலில் தொடங்க வேண்டியது முதுகுத் தசை. தரையில் ஜமுக்காளம் விரித்து, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுங்கள். கைகள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். பார்வை தரையிலேயே இருக்க, நெற்றியையும் மார்பையும் நாலு விரல் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை. பாம்பு மாதிரி மேலே மேலே வளைய வேண்டியதில்லை, நாலு விரல் போதும். இதே பயிற்சியைத்தான், முதுகில் எடைப்பை மாட்டிக்கொண்டு, மேயோ கிளினிக்கில் மாதவிலக்கு நின்ற பெண்களை இரண்டு வருடம் செய்யச் சொன்னார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். தொடங்கியதிலிருந்து பத்து வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, செய்யாத குழுவில் முள்ளெலும்பு நசுங்கியது 2.7 மடங்கு அதிகம். 2002-ல் வந்த ஆய்வு அது. இரண்டு வருட உழைப்பு, விட்டு எட்டு வருடம் கழித்தும் தெரிந்தது. எடைப்பையை நீங்கள் இப்போதைக்கு மறந்துவிடலாம். குப்புறப் படுக்க முடியாதவர்கள் சுவரில் சாய்ந்தபடியே செய்ய வேறு வழி இருக்கிறது. உங்களுக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்த பழக்கம் இருப்பதால் அது தேவைப்படாது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள், நாற்காலிக்கு மாறிய பலர் ஏங்குகிற திறமை அது.

அடுத்தது நடை. இங்கேதான் என் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், எலும்பு பலவீனம் என்று யார் வந்தாலும் "வேகமா நடங்க" என்று எழுதி அனுப்பிவிடுவேன். உங்களைப் போலவே மணிக்கட்டு உடைந்து குணமான ஒரு அம்மா, நான் சொன்னதைத் தட்டாமல் விடியற்காலை இருட்டில் வேகமாக நடந்து, பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கல்லில் தடுக்கி, மறு கையையும் உடைத்துக்கொண்டு வந்தார். திட்டக்கூட இல்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் நடந்தேன்" என்றார். பிறகுதான் தேடிப் படித்தேன். பிரிட்டனில் 1997-லேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். கை எலும்பு உடைந்த, மாதவிலக்கு நின்ற 165 பெண்களில் ஒரு பங்கை வேகநடைக்கு அனுப்பினார்கள். நடந்தவர்கள்தான் அதிகமாக விழுந்தார்கள்.

நடை கெட்டது என்று அர்த்தம் இல்லை. சர்க்கரைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் ஒருமுறை விழுந்து உடைத்துக்கொண்டவர் முதலில் நிற்கப் பழக வேண்டும், அப்புறம்தான் வேகம். நிற்கப் பழகுவதை வீட்டிலேயே செய்ய முடியும், அதற்கு ஆதாரமும் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒடாகோ என்ற பயிற்சி முறையை 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் சோதித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சில முறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார், மற்றதெல்லாம் அவர்களே செய்தது. வாரம் மூன்று நாள், அரை மணி. விழுவது கணிசமாகக் குறைந்தது. 2019-ல் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, உடற்பயிற்சியால் வயதானவர்கள் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. பெரிதாக உதவியது சமநிலைப் பயிற்சிகள்.

உங்கள் சமையல் மேடைதான் ஜிம். குக்கரை வைத்துவிட்டு மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முதல் விசில் வரும்வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரண்டாவது விசில் வரை ஒற்றைக் காலில், மூன்றாவது வரை மற்ற காலில். முதல் வாரம் கையை அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஒரு கை, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் கை மேடைக்கு மேல் சும்மா மிதக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுகிறேன் என்று பேத்தியிடம் பந்தயம் கட்டாதீர்கள். மேடையின் நீளத்துக்கு, ஒரு காலின் குதி மறு காலின் விரலைத் தொடும்படி கோடு போட்டது போல நடந்து போய், அப்படியே பின்னோக்கி வாருங்கள். தடுமாற வேண்டும், தடுமாறினால்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. பிடித்துக்கொள்ள மேடை இருக்கும் இடத்தில் தடுமாறுங்கள், அவ்வளவுதான் விதி.

காலுக்கு வலு சேர்க்கப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம் போட்டிருப்பீர்கள். காதைப் பிடிக்காமல், பின்னால் ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு, உட்காருவது போல மெல்ல இறங்கி, நாற்காலியைத் தொட்டதும் எழுந்திருங்கள். கையை ஊன்றக் கூடாது. எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய, கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அறுபதைத் தொட்ட பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் அது குறைவு. உங்களுக்கு இரண்டு வயது குறைவு, அதனால் 12 வந்தால் பாஸ் என்று விட மாட்டேன். ஒரு மாதம் கழித்து எளிதாகிவிட்டால், அரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்துக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குங்கள். வலுப் பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள், குக்கர் பயிற்சி தினமும். மணிக்கட்டு வலியில்லாமல் பின்னால் மடங்குகிறது என்றால், சுவரில் கை ஊன்றித் தண்டால் போலச் செய்யலாம்.

குதிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 1998-ல் வந்த ஆய்வு ஒன்றில் பெண்கள் வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு 50 முறை குதித்தார்கள். மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு ஐந்து மாதத்தில் தொடையெலும்பின் அடர்த்தி 2.8 சதவீதம் கூடியது. நின்றவர்களுக்கு ஒரு வருடம் குதித்தும் கூடவில்லை. கயிறு தாண்டுவதை உங்கள் மகளுக்கும் பேத்திக்கும் விட்டுவிடுங்கள். பாட்டிக்கு இடுப்பு உடைந்த குடும்பம் உங்களுடையது, அவர்கள் இப்போதே குதிக்கட்டும்.

நாகலூர் நாத்தனாருக்கு வருகிறேன். மலைமேல், பதினைந்து பதினாறு வயதிலிருந்தே மேட்டில் ஏறி, காப்பிப் பழ மூட்டை சுமந்து வளர்ந்த உடம்பு அது. எலும்பு தன் உச்ச அடர்த்தியை அடைவது முப்பது வயதுக்குள். அந்தக் காலத்தில் போட்ட முதலீட்டை அவர் இன்று செலவழிக்கிறார். 58-ல் ஏற்காட்டுக்கு பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் கடந்து போய் ஒரு மாதம் நடந்தால் அது உங்களுக்கு வந்துவிடாது. அதோடு, ஒருவருக்கு உடையவில்லை என்பது அவருக்கு உடையாது என்பதற்குச் சாட்சி இல்லை. அவரும் மாதவிலக்கு நின்றவர்தானே? நவம்பரிலிருந்து பழம் பறிக்கிற காலத்தில் சில்வர் ஓக் சருகு நனைந்து கிடக்கும், மேட்டில் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். அடுத்த முறை அவர் கீழே வரும்போது கூட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்திருக்கிறது, அம்மாவுக்கு இடுப்பு உடைந்திருக்கிறது. எலும்பு உடையும் வாய்ப்பைக் கணக்குப் போடுகிற டாக்டர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்வார்கள், மைனஸ் 2.4 என்ற நம்பரை மட்டும் பார்த்து எழுதியிருக்க மாட்டார். வாரம் ஒன்று என்றால் பெரும்பாலும் அலெண்ட்ரோனேட் வகையாக இருக்கும். ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கிய பெண்களிடம் அந்த மருந்து, மேலும் நசுங்குவதையும் இடுப்பு உடைவதையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 1996-லேயே தெரிந்துவிட்டது. என் பயிற்சி எதனாலும் அதைச் செய்ய முடியாது. மருந்தாலும் உங்களை ஒற்றைக் காலில் நிற்க வைக்க முடியாது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். காப்பியோடு கூடாது. அந்த அரை மணியில் என் குப்புறப் படுக்கும் பயிற்சியையும் செய்யக் கூடாது, மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். நெஞ்செரிச்சல் இருந்தாலோ, பல் பிடுங்க வேண்டியிருந்தாலோ டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது, நம் பக்கத்துக் களியை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு டம்ளர் பாலோ மோரோ, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை என்று மீதியை நிரப்பலாம். ஜவ்வரிசி நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை. விட்டமின் டி அளவை ரத்தத்தில் பார்த்தார்களா என்று கேளுங்கள். வெயில் கொளுத்துகிற சேலத்தில் எனக்கென்ன குறை என்று நினைக்காதீர்கள், நீங்கள் முப்பது வருடமாகக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நீங்கள் விழுந்த அந்த வாசலையும் பார்க்க வேண்டும். பாசி பிடித்திருந்தால் இன்றைக்கே தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். நைட்டியின் ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி எழுந்து போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு. வீட்டு வாசற்படியில் கிடக்கிற, நாலு மூலையும் சுருண்ட அந்தத் துணி மிதியடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடுங்கள்.

முதலில் உயரம், அப்புறம் எக்ஸ்ரே. குக்கர் பயிற்சியையும் நாற்காலிப் பயிற்சியையும் நாளைக்கே தொடங்கலாம், அவற்றில் முதுகு குனிவதில்லை. குப்புறப் படுப்பது எக்ஸ்ரேக்குப் பிறகு. நடுவில் முதுகுவலி திடீரென்று கூடினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த மேல்தட்டில் இருக்கிற டப்பாக்களை எல்லாம் பேத்தியை விட்டுக் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். எட்டவில்லையே என்று ஸ்டூல் போட்டு ஏறிவிடாதீர்கள்.